பெண் பக்கம் நின்று பார்த்தால்

மகன் இன்னோர் ஆணைக் காதலிக்கிறான். அது தெரியாத பெற்றோர் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். இந்த ஒரே முடிச்சை வைத்து நியூயார்க், லெச்சே, டேராடூன் என்று பல ஊர்களில் கடந்த முப்பது ஆண்டுகளாகப் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. வீடு நிறையச் சொந்தபந்தம், ஒளித்துவைத்த காதலன், எந்த நேரமும் உடைந்துவிடக்கூடிய பொய் என்று இருப்பதால் இவற்றில் பெரும்பாலானவை சிரிக்கவைத்துக்கொண்டே கண்கலங்கவும் வைக்கின்றன. இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி, “அப்பா கடைசியில் ஏற்றுக்கொண்டாரா?” என்பதுதான். அந்தக் கேள்வி தேவைதான், ஆனால் போதாது. பொய்க் கல்யாணத்தின் மணமேடையில் உட்காரவைக்கப்பட்ட பெண் என்ன ஆனாள்? பிள்ளையைப் பெற்றவள் அந்த ரகசியத்தை எங்கே இறக்கிவைத்தாள்? அவன் கூடப்பிறந்தவளுக்கு என்ன கிடைத்தது? இப்படிப் பெண் பக்கம் நின்று பார்த்தால், இந்த வகைப் படங்கள் உண்மையில் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பது தெரியும்.

இந்த வகைக்கு ஊற்று பிரெஞ்சு மேடையில் இருக்கிறது. ழான் புவாரே 1973இல் எழுதிய ‘லா காஜ் ஓ ஃபோல்’ நாடகத்தை 1978இல் எதுவார் மொலினாரோ படமாக்கினார். அதையே 1996இல் மைக் நிக்கோல்ஸ், ராபின் வில்லியம்ஸையும் நாதன் லேனையும் வைத்து ‘தி பேர்ட்கேஜ்’ என்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இவற்றில் கல்யாணம் மகனுக்கும் ஒரு பெண்ணுக்கும்தான். ஆனால் மகனை வளர்த்தவர்கள் இரண்டு ஆண்கள். சம்பந்தி வீட்டார் கட்டுப்பெட்டிகள். அவர்கள் வந்துபோகும் ஒரு ராத்திரிக்காக, பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவரே வீட்டில் இல்லாததுபோல் நடிக்கச் சொல்கிறான் பிள்ளை. அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு பெண் வேடத்தில் அம்மாவாக வந்து உட்காருகிறாரே, அந்தக் காட்சியில் சிரிப்பும் வலியும் ஒன்றாக வருகின்றன. விருந்தினர் வரும்போது வீட்டில் யாரை மறைக்கிறோம் என்ற கேள்வியை இந்த நாடகம்தான் முதலில் உரக்கக் கேட்டது.

அதை ஆழமாகத் தோண்டியவர் ஆங் லீ. 1993இல் வந்த ‘தி வெட்டிங் பேங்க்வெட்’ படத்தின் திரைக்கதை, 1990இல் தைவான் அரசு நடத்திய போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றது. முதல் பரிசும் அவருடைய ‘புஷிங் ஹேண்ட்ஸ்’ திரைக்கதைக்கே. நீல் பெங், ஜேம்ஸ் ஷாமஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதி, சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த இந்தப் படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது. உலகம் முழுக்க 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அது வந்தபோது, ஓர் ஆணும் ஓர் ஆணும் முழுச் சட்ட உரிமையோடு கல்யாணம் செய்துகொள்ள உலகில் ஒரு நாடுகூட இடம் கொடுக்கவில்லை. டென்மார்க் 1989இல் பதிவு உறவை ஏற்றிருந்தது. கல்யாணம் என்ற பெயரிலேயே ஏற்க நெதர்லாந்துக்கு 2001 வரை ஆனது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க்கில் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் வாய்-துங், சைமன் என்ற வெள்ளைக்காரரோடு வாழ்கிறான். தைவானில் இருக்கும் அப்பா ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி. பேரன் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாடகை கொடுக்க முடியாமல் ஓவியத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஷாங்காய்ப் பெண் வெய்-வெய்க்கு அமெரிக்காவில் தங்க கிரீன் கார்டு வேண்டும். இருவருக்கும் ஒப்புக்கு ஒரு கல்யாணம் என்று யோசனை சொல்வதே சைமன்தான். பெற்றோர் விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள். வீட்டுச் சுவரிலிருந்து சைமனின் அடையாளங்கள் இறங்குகின்றன. அப்பா எழுதியனுப்பிய சித்திர எழுத்துச் சுருள்கள் ஏறுகின்றன. சைமன் சமைப்பதை வெய்-வெய் சமைத்ததாகப் பரிமாறுகிறார்கள். அரசு அலுவலகத்தில் சில நிமிடங்களில் முடிந்துபோகும் பதிவுக் கல்யாணத்தைக் கண்டு அம்மா அழுகிறார். அப்பாவிடம் பட்டாளத்தில் வேலை பார்த்த ஒருவர் இப்போது உணவக முதலாளி. அவர் விடுவாரா? பெரிய விருந்து ஏற்பாடாகிறது.

அந்த விருந்துக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் குடித்து, கத்தி, மணமக்களைச் சீண்டி, கடைசியில் அறைக்குள்ளேயே தள்ளிக் கூத்தடிக்கிறார்கள். மாப்பிள்ளையின் உண்மையான துணை மாப்பிள்ளைத் தோழனாக ஓரத்தில் நிற்கிறான். நம் ஊர் மாப்பிள்ளைத் தோழனையும், முதல் இரவு அறைக்கு வெளியே நிற்கும் கேலிக்கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே இராது. அந்த இரவின் போதையில் நடந்ததால் வெய்-வெய் கர்ப்பமாகிறாள். மூன்று பேருக்குள்ளும் வெடிக்கிறது. சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற நம்பிக்கையில் அவர் எதிரிலேயே சண்டை போடுகிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வருகிறது. மருத்துவமனையில் மகன் அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று அம்மா கெஞ்சுகிறார். பிறகு ஒருநாள், தண்ணீர்க்கரையில் உட்கார்ந்திருக்கும்போது, அப்பா சைமனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார். ஆங்கிலம் புரியும், எல்லாம் தெரியும், நீயும் எனக்குப் பிள்ளைதான், ஆனால் யாரிடமும் சொல்லாதே. இவ்வளவும் அந்த உறைக்குள் இருக்கின்றன. மருமகளுக்குக் கொடுக்க வேண்டியதை அவர் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்.

சினிமாவில் ஏற்பு என்பதை இத்தனை நயமாகக் காட்டிய இடம் வேறு எனக்குத் தெரியாது. சிஹுங் லுங்கின் அந்த முகத்துக்கு முன்னால், மகனைக் கட்டிப்பிடித்து நீளமாக வசனம் பேசும் அப்பாக்கள் எல்லாரும் சிறுத்துப்போகிறார்கள். ஆனால் பெண் பக்கம் வாருங்கள். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா நினைக்கிறார். அப்பாவுக்குத் தெரியும், அதை அம்மாவிடம் சொல்வதாக இல்லை. ஒரே கட்டிலில் படுக்கும் இரண்டு வயதானவர்கள் ஒரே ரகசியத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். அப்பாவின் மௌனத்துக்கு ஈடாக அவருக்குப் பேரன் கிடைக்கப்போகிறான்; பொய்யை நடக்கவிட்டதால்தான் பேரன் கிடைத்தான் என்று அவரே சைமனிடம் சொல்கிறார். அம்மாவின் மௌனத்துக்கு ஆறுதல்கூடக் கிடையாது. குயி யா-லெய் அந்த அம்மாவை நடித்திருக்கும் விதத்தில் இந்தத் தனிமை தெரிகிறது. படம் பாராட்டப்பட்டபோது அதைப் பேசியவர்கள் குறைவு.

வெய்-வெய்யின் நிலை இன்னும் கடினமானது. அவள் அந்த ஆணை உண்மையாகவே விரும்புகிறாள். மாமியார் ஆசையோடு நகை போட்டுவிடும்போது குற்ற உணர்ச்சியில் அழுகிறாள். கருவைக் கலைக்கப் புறப்பட்டுப் போய் வழியில் மனம் மாறுகிறாள். படம் முடியும்போது அவள் வயிற்றில் ஒரு குழந்தை வளர்கிறது. குழந்தையின் இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். அவளைக் காதலிக்க யாரும் இல்லை. அவளைப் பெற்றவர்கள் அந்த விருந்துக்கு வரவில்லை, அவர்களைத் திரையில் நாம் பார்ப்பதும் இல்லை. பெண் வீடே இல்லாத கல்யாணம் அது. இதை ஆங் லீயின் குறையாக நான் சொல்லவில்லை. அவர் வெய்-வெய்யை மறக்கவில்லை. கடைசி விமான நிலையக் காட்சியில் மூன்று பேரையும் சேர்த்தே நிறுத்துகிறார். ஆனால் அவர் திறந்துவைத்த அந்தக் கதவுக்குள் அடுத்த தலைமுறை இயக்குநர்கள் நுழைந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இத்தாலிக்காரர்கள் ஒரு வாசல் வழியாக நுழைந்தார்கள். ஃபெர்சான் ஓஸ்பெதெக்கின் ‘மினே வகாந்தி’ (2010) தெற்கில் லெச்சே நகரத்துப் பாஸ்தா ஆலைக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதைக் குடும்ப விருந்தில் அறிவிக்கத் தம்பி தயாராகிறான். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு அதே செய்தியைத் தன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறான். அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். தம்பியின் வாய் அடைபடுகிறது. வேடிக்கையான முடிச்சு இது. ஆனால் படத்தின் இதயம் பாட்டியிடம் இருக்கிறது. அவள் ஒருவனை மணந்தவள், அவனுடைய சகோதரனை மனதில் வைத்திருந்தவள். மனம் ஒப்பாத கல்யாணத்தை வாழ்ந்து தீர்ப்பது எப்படி என்று அந்த வீட்டில் அறிந்தவள் அவள் ஒருத்தி. பேரன்களின் அவஸ்தை அவளுக்கு மட்டும் புரிவது அதனால்தான். பிள்ளைகளின் பிரச்சினை தனிப் பிரச்சினை இல்லை, இந்த வீட்டில் கல்யாணம் என்பதே முதலிலிருந்து இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது என்று ஓஸ்பெதெக் காட்டுகிறார்.

இத்தாலி 2016இல் ஒரே பாலினத்தாரின் குடிமை இணைப்பைச் சட்டமாக்கிய பிறகு, 2018இல் அலெஸ்ஸாந்த்ரோ ஜெனோவேசி ‘புவோய் பாச்சாரே லோ ஸ்போசோ’ எடுத்தார். குன்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிவிதா தி பாஞ்ஞோரேஜோ ஊர்தான் களம். அப்பா அந்த ஊர் மேயர்; அகதிகளை வரவேற்பவர், முற்போக்காளர் என்று பெயர் எடுத்தவர். மகன் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் அவருக்குள் இருந்த வேறொருவர் வெளியே வருகிறார். அம்மாவோ நிபந்தனைகளோடு கல்யாணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஒத்துவராத கணவரை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். படம் மேலோட்டமானது, பாத்திரங்கள் சில கேலிச்சித்திரங்கள். என்றாலும் சட்டம் வந்த பிறகு கதை எப்படி மாறுகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி: மறைப்பதற்கு ஒன்றுமில்லை, பொய்க் கல்யாணம் தேவையில்லை, மணமேடையில் எந்தப் பெண்ணும் பலியாகவில்லை. சண்டை முழுக்க ஊரார் முன்னால் அப்பாவின் கௌரவம் பற்றியது.

இந்தியாவில் சட்டம் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், கல்யாண உரிமையைத் தன்னால் வழங்க முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையையும் பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்தார்கள். உறவு குற்றமில்லை, உறவுக்குப் பெயரும் இல்லை என்ற இந்த இடைவெளியில்தான் நம் படங்கள் பிறக்கின்றன.

‘சுப் மங்கள் ஸ்யாதா சாவ்தான்’ (2020) அலகாபாத் குடும்பம் ஒன்றை வைத்து வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தது. கறுப்புக் காலிஃபிளவரைக் கண்டுபிடித்த விஞ்ஞானி அப்பா, எதிலும் மூக்கை நுழைக்கும் சித்தப்பா, உறவுப்பெண்ணின் கல்யாணத்துக்குப் போகும் ரயிலில் அப்பா கண்ணில் படும் முத்தம் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கும் குசும் என்ற பெண் கதையின் ஒரு திருப்பத்துக்காகவே வந்து மறைகிறாள். வெய்-வெய்யை விடவும் பின்னால் போன இடம் இது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரண்டு ஆண்டு கழித்து வந்த ஹர்ஷவர்தன் குல்கர்னியின் ‘பதாயி தோ’ அந்தக் கணக்கை நேர்செய்தது. டேராடூன் போலீஸ்காரர் ஷார்துலும் உடற்பயிற்சி ஆசிரியை சுமியும் ஒருவர் ரகசியத்தை ஒருவர் அறிந்தே மணக்கிறார்கள். அவன் ஆண்களை விரும்புகிறவன், அவள் பெண்களை விரும்புகிறவள். ஏமாற்றப்பட்டவர் இங்கே மணமேடையில் இல்லை. இருவருக்கும் ஒரே அளவு லாபம், ஒரே அளவு பயம். வெளியில் போலீஸ் அதிகாரம் உள்ளவன், வீட்டுக்குள் அக்கா அத்தைகளைக் கண்டு நடுங்குகிறான். சுமிக்கோ ஒரு குழந்தை வேண்டும். தம்பதியாக இருந்தால்தான் சேர்ந்து தத்தெடுக்க முடியும் என்ற விதியை அந்தக் கதை தன் முதுகெலும்பாக வைத்திருக்கிறது. கடைசிச் சடங்கில் கணவன், மனைவி, அவரவர் துணை என்று எல்லோரும் அக்னிக்கு முன்னால் உட்கார, உறவினர்கள் விழித்தபடி சுற்றி நிற்கிறார்கள். எதைச் செய்ய முடியாதென்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னதோ, அதை ஒரு பொய்க் கல்யாணத்தின் மறைவில் அந்த வீடு முன்கூட்டியே செய்துகாட்டியது.

நகைச்சுவையை முற்றிலும் விலக்கிவிட்டு இதே கேள்வியை எடுத்துக்கொண்ட படம் ஜியோ பேபியின் ‘காதல் - தி கோர்’ (2023). இங்கே கல்யாணம் நடந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மம்மூட்டியின் மேத்யூ உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார். ஜோதிகாவின் ஓமனா விவாகரத்து கேட்டு மனுப் போட்டிருக்கிறார். விருந்துச் சாப்பாடு, வாழ்த்து, புகைப்படம் எல்லாம் முடிந்து வீட்டில் விளக்கணைந்த பிறகு நடந்த இருபது ஆண்டுகளைத்தான் படம் விசாரிக்கிறது. மகனைப் பற்றித் தெரிந்திருந்தும் கல்யாணம் செய்துவைத்த அப்பாவின் மௌனம் இங்கே பெருந்தன்மையாகத் தெரிவதில்லை. ஒரு பெண்ணின் இளமையைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட தவறாகத் தெரிகிறது. ஆங் லீயின் தளபதிக்கும் இந்த அப்பாவுக்கும் நடுவே முப்பது ஆண்டுகள். அங்கே கைதட்டிய மௌனத்தை இங்கே நீதிமன்றக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஓமனா பழிவாங்குவதில்லை. தன்னை விடுவித்துக்கொள்வதன் மூலம் கணவனையும் விடுவிக்கிறாள். மேத்யூவின் துணைவனான தங்கனின் ஏழைமையையும் தனிமையையும் படம் சொற்பக் காட்சிகளில் சொல்லிவிடுகிறது. இந்த வரிசையிலேயே நான் மிகவும் மதிக்கும் படம் இதுதான். வெய்-வெய்யின் கேள்விக்கு முதன்முதலாக முழுப் பதில் சொன்னவள் ஓமனா.

2025இல் ‘தி வெட்டிங் பேங்க்வெட்’ புதிதாக எடுக்கப்பட்டது. ஆண்ட்ரூ ஆன் இயக்கம். திரைக்கதையில் மீண்டும் ஜேம்ஸ் ஷாமஸ். அமெரிக்காவில் 2015இலேயே கல்யாண உரிமை வந்துவிட்டது. தைவானிலேயே 2019 முதல் சட்டம் இருக்கிறது. அப்புறம் எதற்குப் பொய்? சியாட்டிலில் வாழும் கொரியப் பணக்கார வாரிசு மின், தன் காதலன் கிறிஸை முறைப்படி மணக்கத் தயாராகவே இருக்கிறான், கிறிஸுக்குத்தான் பயம். எனவே தோழி ஆஞ்செலாவை மணக்கிறேன், அதற்கு ஈடாக அவளுடைய துணைவி லீயின் செயற்கைக் கருத்தரிப்புச் செலவை ஏற்கிறேன் என்கிறான். சட்டம் விலகிக்கொண்டது, குடும்பமும் மனசும் விலகவில்லை என்பதே படம். யுன் யோ-ஜோங் நடிக்கும் பாட்டி கொரியாவிலிருந்து வந்திறங்கியதும் நிலைமையைப் புரிந்துகொள்கிறார். பழைய படத்தில் கடைசியில் வெளிப்பட்டது இங்கே தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுவதால், மீதிப் படம் தெரிந்தவர்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையாகிறது. ஜோன் சென் நடிக்கும் ஆஞ்செலாவின் அம்மா மேடையேறிப் பாராட்டு வாங்கும் ஆதரவாளர். ஆனால் மகள் சொன்ன புதிதில் அவளை ஒதுக்கிவைத்தவர். அந்தக் காயத்தைப் பாராட்டுவிழா ஆற்றாது என்று மகள் சொல்கிறாள். ஊருக்குத் தெரியும் ஆதரவும் வீட்டுக்குள் கேட்க வேண்டிய மன்னிப்பும் வேறு வேறு என்று பிரித்துக்காட்டிய இந்தப் பகுதி படத்தின் சிறந்த பகுதி.

ஆனால் பழைய பாரம் இன்னொருத்தி தோளுக்கு மாறியிருக்கிறது. லீயின் உடலில் கரு தங்கவில்லை. ஆஞ்செலாவோ குடிபோதையில் கழிந்த ஒரு பழைய நட்பின் இரவால் கிறிஸிடம் கருத்தரிக்கிறாள். குழந்தையைக் கேட்டவள் ஒருத்தி, சுமப்பவள் இன்னொருத்தி. லீயாக நடிக்கும் லில்லி கிளாட்ஸ்டோனின் கண்ணில் அந்த இழப்பு தெரிகிறது, படமோ அவசரமாக ஒரு மகிழ்ச்சியான கூட்டுக்குடும்பத்துக்குள் அதை மூடிவிடுகிறது. இன்னும் கொஞ்சநேரம் அவளோடு உட்கார்ந்திருக்கலாம்.

அதே ஆண்டு திரையரங்குகளுக்கு வந்த ரோஷன் சேத்தியின் ‘எ நைஸ் இந்தியன் பாய்’, மாதுரி சேகரின் நாடகத்திலிருந்து உருவானது. மகன் நவீனைப் பற்றி அப்பா அம்மாவுக்கு முன்பே தெரியும். தெரிந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். இந்தியப் பெற்றோர் தத்தெடுத்து வளர்த்த வெள்ளைக்காரன் ஜேயை அவன் அழைத்துவருகிறான். இந்தப் படத்தில் எனக்கு முக்கியமானவள் அக்கா அருந்ததி. வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை மறுபேச்சின்றிக் கட்டிக்கொண்டு, அந்தக் கல்யாணம் முறிந்து நிற்பவள். தம்பியின் காதலுக்கு வீடே வளைந்துகொடுக்கும்போது அவளுக்குக் கோபம் வருகிறது: எனக்கு ஏன் இந்தச் சலுகை கிடைக்கவில்லை? அந்தக் கோபத்தில் தம்பிமேல் வெறுப்பு இல்லை. மகன் விஷயத்தில் மனம் மாறும் பெற்றோர், மகளுக்குச் செய்ததையும் திரும்பிப் பார்த்தாக வேண்டும் என்ற நியாயம் இருக்கிறது.

தமிழில் இந்த உரையாடல் இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’ 2025 பிப்ரவரி 14 அன்று வந்தது. காதலிக்கிறேன் என்று மகள் சொன்னதும் அம்மா மகிழ்ந்து வீட்டுக்கு அழைக்கச் சொல்கிறார். மகளின் காதல் ஒரு பெண் என்று தெரிந்ததும் அந்த மகிழ்ச்சி நின்றுபோகிறது. ரோகிணி, லிஜோமோள் ஜோஸ், வினீத் மூவரும் அந்தச் சில மணி நேரத்தைத் தாங்குகிறார்கள். கல்யாணம், பந்தல் என்ற பேச்செல்லாம் இதில் இல்லை. நல்லவர் என்று தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா, அந்த நம்பிக்கை சோதிக்கப்படும்போது எவ்வளவு கடுமையாகப் பேச முடியும் என்பதே கதை.

அது கற்பனைக் கடுமை இல்லை. அந்தப் படம் வந்து மூன்று மாதம் கழித்து, 2025 மே 22 அன்று, வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஆட்கொணர்வு மனு ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் விசாரித்தார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வீட்டார் பிடித்துவைத்திருந்தார்கள். மனுப் போட்டவர் அவளுடைய துணைவி. அவளை அவள் விருப்பப்படி போகவிட்ட நீதிபதிகள், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை, ஒருவர் தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். எழுத்தாளர் விக்ரம் சேத்துக்குத் துணைநின்ற அவருடைய தாய் நீதிபதி லீலா சேத்தை நினைவுகூர்ந்து, எல்லாப் பெற்றோரும் அவரைப் போல் இருப்பதில்லை என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். இதற்கு முன் 2021இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்களின் வழக்கில், தீர்ப்பு எழுதுமுன் தாமே உளவியல் ஆலோசகரிடம் போய்க் கற்றுக்கொண்டார். குடும்பங்களுக்குப் பாடம் சொல்லும் வேலை நம் ஊரில் இன்று சினிமாவைவிட நீதிமன்றத்தின் தலையில்தான் அதிகம் விழுந்திருக்கிறது.

ஆனால் கல்யாண வீட்டைப் படமாக்க நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்? பந்தக்கால் நடுவதிலிருந்து மொய் எழுதுவது வரை, முறைத்துக்கொள்ளும் மாமன்கள், பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் பெரியப்பா, அடுப்படியில் ரகசியம் பேசும் அத்தைகள் என்று ஒரு முழுப் படைக்கு வேண்டிய பாத்திரங்களும் நடிகர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். இயக்குநர் வி.சேகரின் குடும்பப் படங்கள் கூட்டத்தைக் கையாளும் வித்தையைப் பழக்கிக் கொடுத்திருக்கின்றன. அப்படி ஒரு கல்யாண வீட்டின் நடுவே, மாப்பிள்ளைத் தோழனாக நிற்கும் ஒருவனையும், அவனைக் கவனித்துவிட்ட ஒரு மணப்பெண்ணையும் வைத்து எழுதப்பட்ட தமிழ்த் திரைக்கதையை நான் பார்க்க விரும்புகிறேன். அதில் பெண் வீட்டாரும் வர வேண்டும். வெய்-வெய்யின் அம்மா அப்பாவுக்கு ஆங் லீ கொடுக்காத காட்சியை, கடன் வாங்கிப் பந்தல் போட்ட ஒரு தமிழ் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் யாராவது எழுத வேண்டும். விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வியிலிருந்து அந்தப் படம் தொடங்கலாம்.